சுங்கை சிப்புட்டில் ஒரு ஜாக் ரசல்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

செம்பனைச்செல்வி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து எல்லையில் இருக்கிறது. பின்வேலியைத் தாண்டினால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைதான். அம்மா தவறிய பிறகு அப்பா பேச ஆளில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஈப்போவில் வேலை செய்யும் தம்பி, "சின்ன நாய், மடியில் கிடக்கும்" என்று சொல்லி 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஜாக் ரசல் டெரியர் குட்டியை வாங்கிவந்து விட்டுப் போனான். மடியில் கிடக்குமாம்! ஒன்பது மாதம் ஆகிறது. அது மடியில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒன்பது நிமிடம் தேறாது.

பெயர் சிலி. சிலி பாடி, அந்தக் குட்டிக் காரமிளகாய், மாதிரி இருக்கிறதென்று அப்பா வைத்தார். துளசி மாடத்தைச் சுற்றித் தோண்டியதில் மாடமே சாய்ந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை வேலிக்கு அடியில் புதுத் துளை. போன புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பாட்டியின் கோழிகளில் மூன்றைக் கொன்றுவிட்டது. ஒன்றையும் தின்னவில்லை. கொன்று போட்டுவிட்டு அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தபோது பிடித்து வந்தேன். பாட்டி பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார், பேச்சையும் நிறுத்திவிட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பாவுக்கு 72 வயது, முட்டி வலி வேறு. நாயைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போகிறார். என்ன செய்யட்டும்?

ரவாங்ராஜா எழுதியது:

கொடுத்துவிடுங்கள். வயதானவருக்கு இந்த நாய் பொருந்தாது. வாங்க ஆளில்லையென்றால் செம்பனைக் காட்டில் விட்டுவிடுங்கள், எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும். நாய்க்காக அக்கம்பக்கத்து உறவைக் கெடுத்துக்கொள்வது முட்டாள்தனம்.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

தம்பி ராஜா, காட்டில் விடும் யோசனையை இங்கே எழுதாதீர்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கைத் துன்புறுத்தினால் 20,000 வெள்ளியிலிருந்து ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும். வீட்டில் வளர்ந்த பிராணியை அப்படி விட்டுவிட்டு வந்து இரவில் உங்களுக்குச் சோறு இறங்குமா?

செல்வி அம்மா, 1960களில் நான் பள்ளிப் பையன். என் தந்தையார் துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்தார். அங்கே வெள்ளை டெரியர் இரண்டு இருந்தன. துரையின் சொல்லுக்கு அடங்கும், துரைசாணியின் ரோஜாப் பாத்திக்கு மட்டும் அடங்காது. காலையில் செடி நட்டால் மாலையில் அது வெளியே கிடக்கும். தந்தையார் ஒரு நாள் பங்களாவின் பின்பக்கம், எலி வளை இருந்த மண்மேட்டை அவற்றுக்கென்றே விட்டுவிட்டார். "இது உங்கள் நெரை" என்று சொல்லியே விட்டாராம். அதற்குப் பிறகு ரோஜா பிழைத்தது. ரப்பர் பால்வெட்டுக்காரருக்கு நெரை, அதாவது அவர் வெட்ட வேண்டிய மரவரிசை, பிரித்துக் கொடுப்பது போல நாய்க்கும் கொடுத்த மனிதரை நான் அவரைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

டெரியர் என்ற பெயரே நிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லான தெர்ராவிலிருந்து வந்தது. ஜாக் என்று அழைக்கப்பட்ட ஜான் ரசல் என்ற பாதிரியார் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது, 1819இல், ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார். நரி வேட்டைக்கென்று வளர்த்த இந்தச் சாதியின் கதை அங்கே தொடங்குகிறது. நரியின் வளைக்குள் புகுந்ததும் நாய் நரியைக் கொல்லக் கூடாது. எதிரே நின்று குரைத்துக் குரைத்தே வெளியே கிளப்ப வேண்டும். மேலே மண்வெட்டியோடு நிற்பவருக்கு எங்கே தோண்டுவது என்று காட்டுவதும் அந்தக் குரைப்புதான். உடம்பு வெள்ளையாக இருந்தால் நரியென்று தவறாக நினைக்க மாட்டார்கள். நாயின் மார்பை இரண்டு கைகளால் வளைத்துப் பார்ப்பார்கள். விரல்கள் எட்டாத அளவுக்குப் பருத்திருந்தால் வளைக்குள் சிக்கிக்கொள்ளும் என்று ஒதுக்கிவிடுவார்கள். தோண்டுவதும் குரைப்பதும் விடாப்பிடியும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த குணங்கள். உங்கள் சிலி துளசி மாடத்தில் பார்த்தது பரம்பரை உத்தியோகம்.

கூலிம்காரன் எழுதியது:

ஐயா சொன்ன நெரை விஷயம்தான் முக்கியம். நான் எட்டு ஆண்டுகளாக இரண்டு ஜாக் ரசல் வைத்திருக்கிறேன். அக்கா, நான் செய்த தவறை நீங்கள் செய்யாமல் இருக்க எழுதுகிறேன். ஓடவிட்டுக் களைப்படையச் செய்தால் அடங்கும் என்று நினைத்து, தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினேன். மூன்று மாதத்தில் பத்து கிலோமீட்டர் சளைக்காமல் ஓடும் நாயை உருவாக்கினேனே தவிர, வீட்டு அட்டகாசம் கொஞ்சமும் குறையவில்லை. காலைவிட மூக்குக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும் என்பது எனக்கு இரண்டாவது ஆண்டில்தான் உறைத்தது.

பின்பக்கம் ஒரு மணல்குழி போடுங்கள். கட்டையோ பழைய லோரி டயரோ வைத்து எல்லை கட்டி, ஆற்றுமணல் நிரப்புங்கள். முதல் வாரம் மேலாகவும், பிறகு ஆழமாகவும் எதையாவது புதையுங்கள்: அவித்த கோழித்துண்டு, அதன் பந்து, மூங்கில் குழாய்க்குள் செருகிய கருவாட்டுத் துணுக்கு. உப்பு கழுவிய கருவாடாக இருக்கட்டும். வேறு இடத்தில் தோண்டினால் திட்டாமல் தூக்கிவந்து குழியில் விடுங்கள். சாப்பாட்டைத் தட்டில் வைக்காதீர்கள், பாதியைப் புல்லில் வீசித் தேடவிடுங்கள். இருபது நிமிடம் முகர்ந்து தேடினால் அதற்கே கண் சொருகும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இது. முட்டிக்குப் பாதகமில்லை.

வேலிக்கு அடியில் கம்பிவலையை எழுத்து 'ட' போல உட்பக்கமாக மடக்கி ஒன்றரை அடி புதைத்துவிடுங்கள். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும், பின்வாங்கிவந்து தோண்ட அதற்குத் தோன்றாது. என் மூத்த நாய்க்குத் தோன்றியது என்பது வேறு விஷயம்.

வெயில் விஷயத்தில் கவனம். காலை எட்டுக்கு முன், மாலை ஆறுக்குப் பின். நம் நாட்டுப் புழுக்கத்தில் மற்ற நாய் தானாகவே நிழலுக்குப் போய்ப் படுத்துவிடும். இது விழும்வரை விளையாடும்.

வேலை போதவில்லையென்றால் மாலையில் நீளக் கயிற்றோடு செம்பனைப் பக்கம் கூட்டிப்போய் எலி பிடிக்க விடுங்கள். தோட்டத்துக்கும் உதவி.

மருந்துப்பெட்டி எழுதியது:

கூலிம்காரன் அண்ணா, கடைசி இரண்டு வரியை அழித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அருமை.

நான் விலங்கு மருத்துவமனை ஒன்றில் ஆறு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள். தோட்டத்துப் பக்கமிருந்து வரும் டெரியர்களில் நாங்கள் அடிக்கடி பார்த்தது எலிமருந்து. தோட்டங்களில் வைக்கும் மெழுகுக் கட்டிகளில் இருப்பது பெரும்பாலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு, வார்ஃபரின், புரோடிஃபாகும் போன்றவை. நாய் கட்டியைத் தின்னலாம், கட்டியைத் தின்ற எலியையும் தின்னலாம். தின்ற அன்று ஒன்றுமே தெரியாது, மறுநாளும் விளையாடும். இரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் உடம்பில் தீர்ந்துபோக மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதன் பிறகு சோர்வு, வெளுத்த ஈறு, இருமல், மூச்சிரைப்பு. இரத்தம் வெளியே வராமல் நெஞ்சுக்குள்ளேயே கசிவதும் உண்டு. "நேற்று வரை நன்றாக இருந்ததே" என்று அழுதபடி வருவார்கள்.

தின்றதைக் கண்ணால் பார்த்தால் அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் வாந்தி எடுக்கவைத்துப் பெரும்பகுதியை வெளியேற்ற முடியும். வீட்டில் உப்புக் கரைசல், எண்ணெய் எதுவும் கொடுக்க வேண்டாம். கட்டியின் உறையோ மிச்சமோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், எந்த நஞ்சு என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சையின் நாள்கணக்கு. மாற்று மருந்து வைட்டமின் கே1. புரோடிஃபாகும் என்றால் பல வாரம் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். நாய் தேறிவிட்டதென்று பத்தாம் நாள் நிறுத்திவிட்டு, பதினான்காம் நாள் பிணமாகத் தூக்கிவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சாதிக்கு எலி வேட்டையைப் போலப் பிடித்த வேலை கிடையாது என்பது உண்மை. செம்பனையில் அந்த வேலையைக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

மண்டோர்மகன் எழுதியது:

அந்த அக்கா சொல்வது சரி. நான் தோட்டத்தில் வெளிவேலை மேற்பார்வை பார்க்கிறேன். எலி, குலையையும் பிஞ்சையும் கடித்து நாசம் செய்யும். மருந்து வைக்கும் காலத்தில் மரத்துக்கு ஒரு கட்டி, அடிமரத்துக்குப் பக்கத்தில் வைப்போம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை சுற்றிவந்து, காணாமற்போன கட்டிகளுக்குப் பதில் புதியதை வைப்போம். நூறில் இருபதுக்கும் குறைவாகவே காணாமற்போகிறது என்ற நிலை வரும்வரை சுற்று நிற்காது. கட்டி சிவப்பு, நீலம், பச்சை என்று எந்த நிறத்திலும் இருக்கும். மழையில் உருண்டு வீட்டு நிலத்துக்கும் வரும்.

எங்கள் தோட்டத்தில் எலியைப் பிடிக்கும் கூகை (ஆந்தை வகை) தங்கப் பெட்டியும் வைத்திருக்கிறோம். பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்பது கணக்கு. மலாய்க்காரர்கள் இந்தப் பறவையைப் புருங் ஹந்து, அதாவது பேய்ப் பறவை, என்பார்கள். எங்கள் பாட்டி அது அலறினால் கதவைச் சாத்துவார். இன்றைக்கு நிர்வாகமே அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. ஆனால் கூகை இருக்கும் தோட்டத்தில் மருந்தே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

செல்வி அக்கா, உங்கள் பக்கத்துத் தோட்டத்து அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். எந்தப் பிளாக்கில் எப்போது மருந்து வைக்கிறார்கள், களைக்கொல்லி எப்போது அடிக்கிறார்கள் என்று சொல்வார்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை. அதற்காக மற்றக் களைக்கொல்லி அடித்த ஈரப்புல்லில் நாயை விடலாம் என்று பொருளில்லை.

செம்பனைச்செல்வி எழுதியது:

இதைப் படித்தவுடன் டார்ச் விளக்கோடு பின்வேலிக்குப் போனேன். கை நடுங்குகிறது. வேலியிலிருந்து இருபதடிகூட இருக்காது, முதல் மரத்தடியில் நீலக் கட்டி ஒன்று, ஓரத்தில் கடித்த தடத்தோடு. பல் தடம் சின்னதாக இருக்கிறது, எலியாகத்தான் இருக்கும் என்று அப்பா சொல்கிறார். சிலியின் ஈறைப் பார்த்தேன், இளஞ்சிவப்புதான். நாளைக் காலை ஈப்போவுக்குத் தூக்கிப்போகிறோம்.

அப்பா இப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தார். "வேலிக்கு அடியில் வலை வாங்க எவ்வளவு ஆகும் என்று அந்தத் தம்பியிடம் கேள்" என்கிறார்.

தைப்பிங்தேவி எழுதியது:

ஈப்போவுக்குப் போகும்போது கண்ணையும் காட்டிவிடுங்கள் தங்கை. இதை எழுத எனக்கு இரண்டு ஆண்டு தேவைப்பட்டது.

எங்கள் டெரியருக்கு அப்போது ஐந்து வயது. ஒரு மாலை இடது கண் சிவந்து நீர் வடிந்தது. ஒளியைப் பார்த்தால் மூடிக்கொண்டது. எங்கள் பக்கம் துப்பும் நாகம் உண்டு, அதுதான் துப்பியிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். கால் மணி நேரம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவினோம். நாகம் துப்பினால் முதலில் செய்ய வேண்டியது அதுவே. தேய்க்கக் கூடாது, கைவைத்தியச் சாறு எதுவும் விடக் கூடாது. ஆனால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். நாங்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தோம்.

பாம்பு அந்தப் பக்கமே வரவில்லை. கண்ணுக்குள் இருக்கும் வில்லையைப் பிடித்து வைத்திருக்கும் நார்கள் அறுந்து, வில்லை இடம் நழுவியிருக்கிறது. டெரியர் சாதிகளில் பரம்பரையாக வரும் நோய், பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வயதுக்குள் காட்டும். வில்லை முன்பக்கம் சரிந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரிரு நாளிலேயே பார்வை போய்விடும். போய்விட்டது. வலி தீரக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. மறுகண்ணையும் கவனித்துவந்தோம். அதுவும் நழுவத் தொடங்கியபோது அறுவை செய்து காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஒற்றைக் கண்ணோடு இன்றும் சுவரில் பல்லியை விடுவதில்லை.

இதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. குட்டி வாங்குகிறவர்கள் தாய் தகப்பன் இரண்டுக்கும் செய்திருக்கிறதா என்று கேளுங்கள். முழங்கால் சில்லு நழுவுவதும் இந்தச் சாதியில் உண்டு. ஓடும்போது நடுவில் ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு எட்டுத் தாவிவிட்டு மறுபடி ஊன்றினால், அதை விளையாட்டென்று சிரித்துவிட்டு விடாதீர்கள்.

ரவாங்ராஜா எழுதியது:

காட்டில் விடச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கிராணி ஐயா மன்னிக்க வேண்டும்.

என் கோபத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் இரவில் லோரி ஓட்டுகிறவன், பகலில்தான் தூக்கம். முன்பிருந்த தாமானில் (குடியிருப்பில்) பக்கத்து வீட்டில் இதே சாதி நாய். தெருவில் பூனை போனால் குரைப்பு, தபால்காரர் வந்தால் குரைப்பு, காற்றில் நெகிழிப்பை பறந்தாலும் குரைப்பு. இரண்டு ஆண்டு தாங்கிவிட்டு நான்தான் வீடு மாறினேன். நாய்க்காரர் நல்ல மனிதர், தீபாவளிக்கு முறுக்கெல்லாம் கொடுப்பார். முறுக்கைத் தின்றால் தூக்கம் வருமா?

கூலிம்காரன் எழுதியது:

ராஜா அண்ணன் சொல்வது நியாயம். கம்பிக் கதவு வழியாகத் தெரு தெரிந்தால் இந்த நாய் தன்னைக் காவலராக நியமித்துக்கொள்ளும். கீழே மூன்றடி உயரத்துக்குப் பலகையோ தகரமோ அடித்து மறைத்துவிடுங்கள், பாதிக் குரைப்பு நிற்கும். பகலில் அறைக்குள் கூண்டில் தூங்கப் பழக்குங்கள். கூண்டைத் தண்டனையாக்கிவிடாமல் சாப்பாட்டையே அதற்குள் வைத்துப் பழக்க வேண்டும்.

கோழிக்கு ஒரே வழி, கயிறு. கோழியைக் கண்டு திரும்பி உங்களைப் பார்த்தால் உடனே துண்டு இறைச்சி. ஆறு மாதம் செய்தாலும் கயிறில்லாமல் நம்பாதீர்கள். நான் எட்டு ஆண்டு ஆகியும் நம்புவதில்லை.

கங்சார்நூர் எழுதியது:

நான் தமிழ் முஸ்லிம், எங்களுக்கு இரு பக்கமும் நாய் வளர்க்கும் வீடுகள். செல்வி, உங்கள் தெருவில் மலாய்க் குடும்பம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். நாய் இருப்பது எங்களுக்குப் பிரச்சினை இல்லை. அதன் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். தொழுகைக்குக் கிளம்பியவர் மேல் ஒரு நாய் அன்போடு தாவினால் அவர் திரும்பிப்போய் இதையெல்லாம் செய்தாக வேண்டும். இந்தக் குள்ள நாய்கள் தாவுவதில் மன்னர்கள். ஆள் வரும்போது கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஓரமாக நின்றாலே போதும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் செய்வார். நோன்புப் பெருநாளுக்கு முதல் தட்டு அவர் வீட்டுக்குத்தான் போகும்.

நாய் உரிமம் எடுத்துவிட்டீர்களா? ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எத்தனை நாய், எந்த வகை வீடு என்ற விதி ஊராட்சி மன்றத்துக்கு மன்றம் மாறும். வேலிக்கு அடியில் நழுவும் நாய்க்குக் கழுத்தில் பட்டை இல்லையென்றால் தெருநாய் பிடிப்பவர்கள் அதன் சாதியைக் கேட்க மாட்டார்கள்.

செம்பனைச்செல்வி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். ஈப்போவில் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. கண் நலம். மரபணுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறோம். உரிமம் எடுத்தாயிற்று. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போட்டார்கள், இரண்டாவது ஊசியும் முடிந்தது. உண்ணிக்கும் இதயப்புழுவுக்கும் மாத மாத்திரை.

வலை புதைத்தோம். மணல்குழியை அப்பாவே எல்லை கட்டினார். தினமும் ஐந்தரைக்கு நாற்காலியைக் குழிக்கரையில் போட்டுக்கொண்டு, "அங்கே இல்லை, இந்தப் பக்கம் பார்" என்று நாயோடு வாதம் செய்கிறார். போன வாரம் தன் மூக்குக்கண்ணாடி உறையைப் புதைத்துவிட்டு எங்கே என்று அவரே மறந்துவிட்டார். சிலி எடுத்துக் கொடுத்தது, பல் தடத்தோடு.

முந்தாநாள் பாட்டி வேலியோரம் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, கோழிக்கூண்டில் எலி முட்டையைக் களவாடுகிறது, அந்தச் சனியனைக் கொஞ்சம் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அப்பா முதலில் கேட்டது, "மருந்து வைத்திருக்கிறீர்களா?" இல்லை என்றார். கோழிகளைக் குளியலறையில் அடைத்துவிட்டு, கயிற்றோடு சிலியை விட்டோம். பத்து நிமிடத்தில் இரண்டு எலி. பாட்டி இரண்டையும் வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூன்று கோழிக்கு இரண்டு. இன்னும் ஒன்று பாக்கி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மருந்துப்பெட்டி எழுதியது:

செல்வி, பாட்டி மருந்து வைக்காவிட்டாலும் அந்த எலி செம்பனையிலிருந்து வந்திருக்கலாமே! நாய் எதையாவது விழுங்கியதா? எலி திருப்பிக் கடித்ததா? ஐந்து நாளைக்குக் காலையும் மாலையும் ஈறைப் பாருங்கள். சிறு சந்தேகம் என்றாலும் மறுபடி இரத்தச் சோதனை.

செம்பனைச்செல்வி எழுதியது:

விழுங்கவில்லை அக்கா, உதறிக் கீழே போட்டது, உடனே எடுத்துவிட்டோம். உதட்டில் ஒரு சின்னக் கீறல், அன்று மாலையே மருத்துவரிடம் காட்டினோம். இன்று இரண்டாம் நாள். அப்பா நாட்காட்டியில் ஈறின் நிறத்தை எழுதிவருகிறார்: "காலை, இளஞ்சிவப்பு. மாலை, இளஞ்சிவப்பு, கையைக் கடிக்க வந்தது."